சங்கத்து இன்ஷூரன்ஸ் பாதியில் நின்றால் யார் பொறுப்பு? சிறுதொழில் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் கொடுத்தார். "கண்ணு, நீதான் பத்திரிகையில எழுதறயே... இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார்.

கோவை கணபதியில் இரண்டு லேத் மெஷின், மூன்று வேலையாட்கள். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை. சித்தப்பாவின் 25 வருட உழைப்பு அதில்தான் இருக்கிறது. ஃபைலுக்குள் மூன்று வருட ரசீதுகள், ஒரு அடையாள அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. அவர் உறுப்பினராக இருக்கிற தொழில் சங்கம் மூலமாக எடுத்த க்ரூப் ஹெல்த் இன்ஷூரன்ஸ் சம்பந்தமான காகிதங்கள் அவை.

முதல் வருடம் கட்டினார். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தது. பில்லில் பெரும்பகுதியை இன்ஷூரன்ஸே கட்டிவிட்டது. "அன்னிக்கு அது சாமி மாதிரி வந்துச்சு" என்று இன்றும் சொல்வார். மூன்றாவது வருடமும் கட்டினார். நான்காவது வருடம் சங்கத்து வாட்ஸ்அப் க்ரூப்பில் இரண்டு வரி மெசேஜ் வந்தது. 'இந்த ஆண்டு இன்ஷூரன்ஸ் திட்டம் தொடரவில்லை. உறுப்பினர்கள் தனியாக எடுத்துக்கொள்ளவும்.' அந்த மெசேஜ் வந்தபோது பாலிசி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

54 வயது. சர்க்கரை இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட். தனிநபர் பாலிசி கேட்டுப் போன இரண்டு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் தருவதாகச் சொன்னது. ஆனால், கூடுதல் பிரீமியம். அதோடு, இதயம் சம்பந்தமான சிகிச்சைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

சங்கச் செயலாளரிடம் போனில் பேசினேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். "கம்பெனிக்காரங்க பிரீமியத்தை ஏறக்குறைய ரெண்டு மடங்கு கேட்டாங்கம்மா. பாதிப் பேரு கட்ட மாட்டேன்னுட்டாங்க. நான் என்னம்மா பண்றது?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. சித்தப்பா தப்பு எதுவும் செய்யவில்லை. சங்கம் யாரையும் ஏமாற்றவில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனமும் விதியை மீறவில்லை. எல்லோரும் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனாலும், மருத்துவக் காப்பீடு மிகவும் தேவைப்படும் ஒரு மனிதர், சரியாக அந்த நேரத்தில் வெளியே நிற்கிறார்.

அப்படியென்றால், கோளாறு விதியில்தானே இருக்க வேண்டும்?

இரண்டு பக்கமும் இல்லாத நடுப்பகுதி

மாதச் சம்பளக்காரர்களுக்குக் கம்பெனி பாலிசி இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பட்டறை முதலாளி, ஜெராக்ஸ் கடைக்காரர், தையல் கடை அக்கா, ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர், பியூட்டி பார்லர் வைத்திருப்பவர் இவர்களெல்லாம் எங்கே?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இ.எஸ்.ஐ பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு. அதிலும் தொழிலாளிக்குத்தான், முதலாளிக்கு இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாய். சின்னதாக ஒரு கடை வைத்து ஓட்டுபவர்களே இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து 70 வயது தாண்டிய எல்லோரையும் வருமானம் பார்க்காமல் சேர்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், சித்தப்பா அதற்கு இன்னும் 16 வருடம் காத்திருக்க வேண்டும்.

ஏழை என்றும் சொல்ல முடியாது. வசதியானவர் என்றும் சொல்ல முடியாது. ஒரு ஆபரேஷன் வந்தால் லேத் மெஷினை விற்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டே வழி. ஒன்று, தனிநபர் பாலிசி. இன்னொன்று, பத்துப் பேரோடு சேர்ந்து எடுக்கிற க்ரூப் பாலிசி. சங்கம், கூட்டுறவு, பேங்க், மொபைல் ஆப் என்று பல பெயர்களில் அது இன்று நம் முன்னால் வந்து நிற்கிறது.

கூட்டமாகப் போனால் ஏன் விலை குறைகிறது?

காய்கறி மொத்தமாக வாங்கினால் விலை குறைவது போலத்தானே என்று நினைப்போம். கொஞ்சம்தான் அப்படி. உண்மையான காரணம் வேறு.

கம்பெனியில் வேலைக்குச் சேருபவர் வேலைக்காகச் சேருகிறார். இன்ஷூரன்ஸுக்காகச் சேருவதில்லை. 500 பேரில் இளவட்டங்களும் இருப்பார்கள், ரிட்டையர் ஆகப்போகிறவர்களும் இருப்பார்கள். நோய் இருப்பவர் மட்டும் பொறுக்கி எடுத்தாற்போல வந்து சேர்வது நடக்காது. அந்த நம்பிக்கையில்தான் நிறுவனங்கள் மெடிக்கல் டெஸ்ட் கேட்காமல், பல இடங்களில் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் சேர்த்து பாலிசி தருகின்றன.

சங்கத்துத் திட்டத்தில் நிலைமை வேறு. விருப்பம் இருப்பவர் சேரலாம். யாருக்கு விருப்பம் வரும்? சர்க்கரை இருப்பவருக்கு, வீட்டில் வயதான அம்மா இருப்பவருக்கு. 28 வயதுப் பையன் "எனக்கு எதுக்கு?" என்று போய்விடுவான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 200 பேர் சேர்கிறார்கள். தலைக்கு ரூ.8,000. மொத்தம் ரூ.16 லட்சம். அந்த வருடம் மூன்று பேருக்கு இதய சிகிச்சை, தலா 4 லட்சம். பத்துப் பேருக்குச் சின்னச் சின்ன அட்மிஷன், தலா 40,000. மொத்தம் 16 லட்சம். வந்த பணம் அப்படியே போய்விட்டது. நிர்வாகச் செலவும் இருக்கிறது. அடுத்த வருடம் நிறுவனம் 30 சதவிகிதம் ஏற்றி ரூ.10,400 கேட்கிறது. 'போன வருஷம் ஆஸ்பத்திரி பக்கமே போகலை' என்று 60 பேர் விலகுகிறார்கள். மிச்சம் 140 பேர், வசூல் ரூ.14,56,000. விலகியவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதால் செலவு பெரிதாகக் குறையாது. மூன்றாம் வருடம் இன்னும் ஏறும், இன்னும் பேர் விலகுவார்கள். கடைசியில் நோயாளிகள் மட்டும் மிஞ்சி, கடை மூடப்படும்.

சித்தப்பாவின் சங்கத்தில் நடந்தது இதுதான். செயலாளர் சொன்ன 'ரெண்டு மடங்கு' கணக்கு இப்படித்தான் வந்திருக்கும்.

விதி என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2005-லேயே க்ரூப் பாலிசிகளுக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் அடிப்படை விதி எளிமையானது. இன்ஷூரன்ஸ் எடுப்பதற்காகவே ஒரு குழுவை உருவாக்கக் கூடாது. உறுப்பினர்களுக்குள் பொதுவான தொழிலோ, நோக்கமோ ஏற்கெனவே இருக்க வேண்டும். சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இன்ஷூரன்ஸைத் தாண்டி ஓர் உறவு இருக்க வேண்டும். வழக்கமாகக் குறைந்தபட்சம் 7 பேர் இருந்தால் க்ரூப் பாலிசி கிடைக்கும்.

இந்த விதி எதற்காக? நாலு பேர் சேர்ந்து ஒரு லெட்டர்பேட் அடித்து, 'அகில உலக நலச்சங்கம்' என்று பெயர் வைத்து, ஊரெல்லாம் ஆள் சேர்த்து கமிஷன் பார்ப்பதைத் தடுக்கத்தான். பிரீமியம் எவ்வளவு, பலன் என்ன என்பது உறுப்பினருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று எதையும் சேர்த்து வசூலிக்கக் கூடாது என்பதும் இந்தக் கவலையிலிருந்து வந்ததுதான்.

பிறகு வந்த விதிமுறைகள் இன்னொரு நல்ல விஷயத்தைச் சேர்த்தன. க்ரூப் பாலிசியில் இருப்பவர், அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். சித்தப்பாவுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் படித்துச் சொன்னபோது, விண்ணப்பிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது.

நேரத்தில் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாறுகிறவரின் உடல்நிலையைப் பரிசீலித்து முடிவெடுக்க நிறுவனத்துக்கு இடம் இருக்கிறது.

ஓட்டை எங்கே?

தனிநபர் பாலிசியில் நீங்கள்தான் பாலிசிதாரர். க்ரூப் பாலிசியில் பாலிசிதாரர் சங்கம். நீங்கள் அதில் ஒரு பெயர், ஒரு வரிசை எண். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது.

தனிநபர் பாலிசியில், போன வருடம் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. உங்களுடைய க்ளெய்மைக் காட்டி உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. க்ரூப் பாலிசியில் ஒவ்வொரு வருடமும் புதுப் பேரம். போன வருடம் எவ்வளவு க்ளெய்ம் போனது என்று பார்த்துத்தான் விலையே வைப்பார்கள். சங்கம் வேண்டாம் என்றால், 200 பேருக்கும் சேர்த்து வேண்டாம் என்றாகிவிடும்.

தனிநபர் பாலிசியைப் புதுப்பிக்க மறந்துவிட்டால் 30 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. க்ரூப்பில் புதுப்பிக்க வேண்டியவர் சங்கம்தான். உறுப்பினர் மட்டும் பணத்தோடு போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த வேண்டுமானால் தன்னிடம் ஆலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ உத்தரவிட்டது. அது தனிநபர் பாலிசிகளுக்கான உத்தரவு.

அடுத்து ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிக்கும் கிடையாது. க்ரூப் பாலிசிக்கு மட்டும் 18 சதவிகிதம் தொடர்கிறது. தனியாக எடுப்பவர் ரூ.10,000 பிரீமியத்துக்கு ரூ.10,000 கட்டினால் போதும். சங்கம் மூலமாக எடுக்கும் தையல் கடை அக்கா அதே பிரீமியத்துக்கு ரூ.11,800 கட்ட வேண்டும். பெரிய கம்பெனி தன் ஊழியர்களுக்காக எடுக்கும் பாலிசியும், 50 தையல்காரர்கள் கைக்காசு போட்டு எடுக்கும் பாலிசியும் வரி விஷயத்தில் ஒன்றுதான் என்று வைத்தால், அது எப்படி நியாயமாகும்?

மொத்தத்தில் நம்முடைய விதிகள், 'இந்தக் குழு உண்மையான குழுவா?' என்று வாசலில் நின்று கேட்கின்றன. உள்ளே வந்தவர் நோயாளியானால் அங்கேயே இருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அனுபவம்

'ஏன் இத்தனை விதி? சங்கங்களைச் சுதந்திரமா விட்டா அவங்களே மலிவா ஏற்பாடு பண்ணிக்குவாங்க' என்று ஒரு வாதம் உண்டு. இந்த வாதத்தைப் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நாடு அமெரிக்கா.

அங்கே சிறு வணிகர்கள் சேர்ந்து எடுக்கும் காப்பீட்டுக்கு 'அசோசியேஷன் ஹெல்த் பிளான்' என்று பெயர். 1974-ல் வந்த ஒரு மத்திய சட்டத்தைக் காட்டி, 'மாநில அரசு எங்களைக் கேள்வி கேட்க முடியாது' என்று சில திட்டங்கள் தப்பித்தன. பணம் வசூலித்துவிட்டு க்ளெய்ம் வரும்போது காணாமல் போனவையும் இருந்தன. அதனால் 1983-ல் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் மோசடி நிற்கவில்லை. 2000 முதல் 2002 வரையிலான காலத்தை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, 2004-ல் அறிக்கை வெளியிட்டது. அனுமதி பெறாத 144 அமைப்புகள் காப்பீடு விற்றிருந்தன. சங்கம் என்ற பெயரில் வந்தவை அதில் பல. 2 லட்சத்துக்கும் அதிகமான பாலிசிதாரர்கள் சிக்கியிருந்தார்கள். குறைந்தது 25.2 கோடி டாலர் மருத்துவ பில்கள் கட்டப்படாமல் நின்றன. மீட்கப்பட்டது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். விலை உயர்ந்துகொண்டே போன காலத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் விழுந்தவர்கள் பெரும்பாலும் சிறு முதலாளிகளும் தனித்தொழில் செய்பவர்களும்தான்.

2010-ல் ஒபாமா காலத்துச் சட்டம் வந்தது. பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது, சிறு நிறுவனத் திட்டங்களிலும் தனிநபர் திட்டங்களிலும் பிரசவம், மனநலம், மருந்து உட்பட 10 வகை அடிப்படைச் சிகிச்சைகள் இருக்க வேண்டும் என்று தரை போட்டது. 2018 ஜூனில் ட்ரம்ப் அரசின் தொழிலாளர் துறை ஒரு புது விதி கொண்டுவந்தது. வேலையாட்களே இல்லாத தனித்தொழில்காரர்களும் சங்கத் திட்டத்தில் சேரலாம். சங்கம் மொத்தத்தையும் ஒரு பெரிய நிறுவனமாகக் கருதலாம். அப்படிக் கருதினால் அந்த 10 வகைக் கட்டாயம் பொருந்தாது.

ஆதரித்தவர்கள், 'சிறு வணிகர்களுக்குக் குறைந்த விலையில் காப்பீடு கிடைக்கும்' என்றார்கள். எதிர்த்தவர்கள், 'ஆரோக்கியமானவர்கள் மலிவுத் திட்டத்துக்குப் போய்விடுவார்கள், நோயாளிகள் மட்டும் பழைய சந்தையில் மாட்டிக்கொள்வார்கள்' என்றார்கள். 11 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் வழக்கு போட்டன. 2019 மார்ச்சில் நீதிபதி ஜான் பேட்ஸ் அந்த விதியின் முக்கியப் பகுதிகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 2024-ல் பைடன் அரசு அந்த விதியையே முழுவதுமாக நீக்கிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? இங்கே அந்த அளவுக்குப் பணம் காணாமல் போகும் ஆபத்து குறைவு. இன்ஷூரன்ஸ் நிறுவனம் தொடங்கவே குறைந்தபட்சம் ரூ.100 கோடி மூலதனம் வேண்டும். சங்கம் வசூலிக்கும் பணம் உரிமம் பெற்ற நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால், ஆரோக்கியமானவரும் நோயாளியும் பிரிந்து போகிற அந்தப் பிரச்னை இங்கேயும் அப்படியே இருக்கிறது. மலிவு விலை என்பது யாரை வெளியே விட்டுவிட்டு வருகிறது என்று கேட்காமல் விதி போட்டால், அது விதி இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் முன்னுதாரணங்கள்

கூட்டுக் காப்பீடு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1992-லேயே ஆதிவாசி மக்களின் சங்கத்தை அடிப்படையாக வைத்து ஒரு மருத்துவக் காப்பீடு தொடங்கப்பட்டது. அங்கே இன்ஷூரன்ஸுக்கு முன்பே சங்கம் இருந்தது. மக்களுக்கான ஆஸ்பத்திரியும் இருந்தது. பணம் கட்டுபவருக்கும் சிகிச்சை தருபவருக்கும் நடுவில் முகம் தெரியாத இடைவெளி இல்லை.

பெரிய அளவில் நடந்தது கர்நாடகாவின் யசஸ்வினி திட்டம். இதய அறுவைசிகிச்சை நிபுணர் தேவி ஷெட்டியின் யோசனையில் 2003-ல் வந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான விவசாயிகள் ஆரம்பத்தில் மாதம் ரூ.5, அதாவது வருடத்துக்கு ரூ.60 கட்டினார்கள். அரசும் பங்கு போட்டது. முதல் வருடத்திலேயே 16 லட்சம் பேர் வரை சேர்ந்தார்கள். கூட்டம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அவ்வளவு சின்னத் தொகைக்கு அறுவைசிகிச்சை தர முடிந்தது. 2018-ல் அது வேறு அரசுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டுத் தனி அடையாளத்தை இழந்தது. பிறகு 2022-ல் மீண்டும் தொடங்கப்பட்டது.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உயிரோடு இருந்த அமைப்பின் மேல் காப்பீட்டைக் கட்டினார்கள். இ.எஸ்.ஐ-யும் ஒரு வகையில் கூட்டு நிதிதான். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம். வயதைக் கேட்பதில்லை, சர்க்கரை இருக்கா என்று கேட்பதில்லை. எல்லோரும் கட்டாயம் சேருவதால் அது சாத்தியமாகிறது.

என்ன மாற வேண்டும்?

முதலில், வெளியே போகும் கதவு. சங்கத் திட்டம் நின்றுபோனால், அதில் குறிப்பிட்ட காலம், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோமே, தொடர்ந்து இருந்தவருக்கு அதே நிறுவனம் மறுக்காமல் தனிநபர் பாலிசி தர வேண்டும். 'இப்படிச் செஞ்சா நோயாளிகள் மட்டும் வந்து சேருவாங்க' என்று நிறுவனங்கள் சொல்லும். அந்தப் பயம் பொய்யில்லை. அதற்காகத்தான் மூன்று வருடம் என்ற நிபந்தனை. ஆரோக்கியமாக இருந்தபோது பணம் வாங்கிய நிறுவனம், அவர் நோயாளியானதும் யாரோ போல ஒதுங்குவதை மட்டும்தான் இது தடுக்கும்.

இரண்டாவது, முன்கூட்டியே அறிவிப்பு. திட்டம் நிற்கப்போகிறது என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு உறுப்பினருக்கும் நிறுவனமே நேரடியாகச் சொல்ல வேண்டும். தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியையும் அதே செய்தியில் தமிழில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒன்பது நாள் கழித்து வரும் இரண்டு வரியை நம்பி ஒருவருடைய இதயம் இருக்கக் கூடாது.

மூன்றாவது, கூட்டத்தைப் பெரிதாக்குவது. 200 பேர் சங்கம் தனியாகப் பேரம் பேசினால் மூன்று ஆபரேஷனில் கதை முடிந்துவிடும். மாவட்டத்தில் உள்ள ஒரே தொழில் சங்கங்கள் சேர்ந்து ஒரே பாலிசியாக எடுக்க வழி செய்யலாம். காப்பீட்டை ஆண்டுச் சந்தாவோடு இணைத்துவிட்டால், 28 வயதுப் பையனும் உள்ளே இருப்பான். அவனுக்கும் ஒருநாள் 54 வயது ஆகும் இல்லையா?

நான்காவது, ஜி.எஸ்.டி. உறுப்பினர்கள் தங்கள் கைக்காசில் கட்டும் க்ரூப் பாலிசிகளுக்காவது தனிநபர் பாலிசிக்குக் கொடுத்த விலக்கைக் கொடுக்கலாம்.

சேருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்

* காப்பீடு தரும் நிறுவனத்தின் பெயர் என்ன? ஐ.ஆர்.டி.ஏ.ஐ பதிவு பெற்றதா? 'சங்க நிதியிலிருந்தே நாங்க கொடுத்துடுவோம்' என்றால் அது இன்ஷூரன்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் தள்ளுபடி தரும் கார்டும் இன்ஷூரன்ஸ் இல்லை.

* உங்கள் பெயரில் காப்பீட்டுச் சான்றிதழ் தருவார்களா? ரசீது மட்டும் போதாது.

* பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? தனிநபர் பாலிசிகளில் இது அதிகபட்சம் 3 வருடம். க்ரூப்பில் ஒவ்வொரு பாலிசிக்கும் மாறும்.

* கடந்த மூன்று வருடத்தில் பிரீமியம் எவ்வளவு ஏறியது? எத்தனை பேர் விலகினார்கள்? செயலாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

* பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது? அதற்கு இரண்டு மாதம் முன்பே செல்போனில் அலாரம் வையுங்கள். தொடர்வது சந்தேகம் என்றால், தனிநபர் பாலிசிக்கு மாற எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள்.

* வயதும் உடல்நிலையும் ஒத்துழைக்கும்போதே சின்னத் தொகைக்காவது ஒரு தனிநபர் பாலிசி எடுத்து வையுங்கள். சங்கத்து பாலிசி அதற்கு மேல் ஒரு கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும்.

* க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதுங்கள். 155255 என்ற ஐ.ஆர்.டி.ஏ.ஐ எண்ணிலும் புகார் செய்யலாம். அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. க்ரூப் பாலிசி உறுப்பினர்களும் போகலாம், கட்டணம் கிடையாது.

சித்தப்பா கடைசியில் அந்த மூன்றாவது நிறுவனத்தின் பாலிசியை எடுத்துவிட்டார். "இன்னும் மூணு வருஷம் நெஞ்சு பொறுத்துக்கணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது இன்னொரு விஷயம் கேட்டார். அவருடைய பட்டறையில் வேலை செய்யும் மூன்று பேருக்கும் காப்பீடு எதுவும் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, 10 பேருக்குக் குறைவாக இருக்கும் இடங்களும் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாக முன்வந்து இ.எஸ்.ஐ-யில் சேரலாம் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. "சரி கண்ணு, பசங்களுக்கு அதைப் பார்த்துடலாம்" என்றவர், ஃபைலை மூடிக்கொண்டே கேட்டார்.

"அதுல ஓனருக்கும் சேர்த்துப் போட முடியுமா?"

"இல்லீங்க சித்தப்பா" என்றேன்.